மணியோசை கேளாத மாளிகை

(சிட்லபாக்கம் திருக்கோயிற் பங்குனி உத்திரப் பெருவிழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

திருச்சிற்றம்பலம்.



சோழப் பேரரசு ஏன் வீழ்ந்தது என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் அடியேனைப் பணித்திருக்கிறார்கள். இறைவன் திருமுன்னே மன்னர்களின் கதை எதற்கு என்று சிலர் எண்ணக் கூடும். அந்த எண்ணத்துக்கு விடையாக உங்களை முதலில் நம் ஊரைச் சுற்றி அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

இங்கிருந்து தெற்கே சில கல் தொலைவில் மாடம்பாக்கம் இருக்கிறது. அங்கே தேனுபுரீசுவரர் திருக்கோயிலில், யானை படுத்துறங்குவது போலப் பின்புறம் வளைந்த தூங்கானை மாட விமானத்தைக் கண்டிருப்பீர்கள். அது சோழர் காலத்துக் கற்றளி. வடக்கே சென்றால் நான்கு குன்றுகளுக்கு நடுவே திருசூலம். அக்கோயிற் சுவர்களிலும் சோழர் கல்வெட்டுகள் உள்ளன. வடமேற்கே சென்றால் குன்றத்தூர். தெய்வச் சேக்கிழார் பெருமான் அவதரித்த ஊர். அவர் எழுப்பிய திருநாகேச்சுரம் உள்ள ஊர். நாம் இப்போது அமர்ந்திருக்கும் இடமே சோழர் ஆட்சிக்கு உட்பட்ட தொண்டை நாட்டின் ஒரு மூலைதான்.

மாடம்பாக்கத்திலே இன்று மாலையும் விளக்கு ஏற்றியிருப்பார்கள். அந்த விளக்குக்கு நெய்யும் நிலமும் எழுதிவைத்த காலத்து அரசு எங்கே? ஏறத்தாழ 430 ஆண்டுகள் ஆண்டவர்கள், கடல் கடந்து கடாரம் வரை கலம் செலுத்தியவர்கள், ஒரு தலைமுறைக் காலத்தில் பெயரும் தெரியாமல் மறைந்தது எப்படி? இந்த வினாவை எழுப்புவதற்குக் கோயிலைவிடத் தக்க இடம் வேறு எது?

சேக்கிழார் காட்டிய அளவுகோல்

ஓர் அரசு வாழ்ந்ததா, வீழ்ந்ததா என்று பார்க்க நமக்கு ஓர் அளவுகோல் வேண்டும். அதைத் தேடி வேறெங்கும் போக வேண்டுவதில்லை. குன்றத்தூர்ப் பெருமானே தந்திருக்கிறார்.

சேக்கிழார் வெறும் புலவர் அல்லர். அநபாயன் எனப் பெற்ற இரண்டாம் குலோத்துங்க சோழனுக்கு அமைச்சராய் அமர்ந்தவர். உத்தமசோழப் பல்லவராயர் என்னும் பட்டம் பெற்றவர். அக்காலம் 12ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. அரசாட்சியின் உள்ளும் புறமும் அறிந்த அந்த அமைச்சர், அடியார்களின் வரலாற்றைப் பாடப் புகுந்தபோது, திருவாரூர்ச் சிறப்பைச் சொல்லுமிடத்தில் யாருடைய கதையை முன்னே வைத்தார்? மனுநீதிச் சோழனுடைய கதையை வைத்தார்.

கதை நீங்கள் அறிந்ததே. அரசிளங்குமரனின் தேர்க்காலில் ஒரு பசுங்கன்று அகப்பட்டு இறந்தது. தாய்ப் பசு அரண்மனை வாயிலுக்கு வந்து ஆராய்ச்சி மணியைக் கொம்பினால் அசைத்தது. மன்னன் கேட்டான்; வெளியே வந்தான்; கண்ணால் கண்டான். அமைச்சர்கள் கழுவாய் செய்தால் போதும் என்றார்கள். அவன் உடன்படவில்லை. தன் ஒரே மைந்தன்மீது தானே தேரைச் செலுத்தினான்.

இக்கதையிலே நாம் மைந்தனையும் தேரையும் பார்த்து வியக்கிறோம். அடியேன் இன்று மணியைப் பார்க்கச் சொல்கிறேன். அந்த மணிக்கும் பசுவுக்கும் இடையே யாரும் நிற்கவில்லை. மணிக்கும் மன்னன் செவிக்கும் இடையேயும் யாரும் நிற்கவில்லை. வாயில்லா உயிரின் குறை இடையீடின்றி அரியணையைச் சென்று சேர்ந்தது. அரசு என்பது அந்த மணிக் கயிறுதான். கயிறு அறுந்தால், முடி தலையில் இருந்தாலும் அரசு இல்லை. சோழர் வீழ்ச்சியைப் பற்றி அடியேன் சொல்ல வந்தது இவ்வளவே. இனிச் சொல்லப் போவதெல்லாம் இதற்குச் சான்று.

கயிறு இறுகியிருந்த காலம்

850 அளவில் விசயாலயன் தஞ்சையைக் கைப்பற்றினான். அவன் மைந்தன் ஆதித்தன் பல்லவரை வென்று தொண்டை நாட்டைச் சேர்த்தான். 949இல் தக்கோலப் போரில் இளவரசன் இராசாதித்தன் யானைமேல் இருந்தபடியே உயிர் துறந்தான்; இராட்டிரகூடர் வடபகுதியைக் கொண்டனர். அன்றே சோழ அரசு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை, ஒரு தலைமுறை தளர்ந்து மீண்டும் எழுந்தது. 985இல் முதலாம் இராசராசன் அரியணை ஏறினான். 1010இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மேல் கலசம் ஏறியது. 1025இல் இராசேந்திரனின் கடற்படை கடாரத்தை வென்றது.

தக்கோலத்தில் வீழ்ந்தவர்கள் மீண்டும் எழ முடிந்தது ஏன்? படை அழிந்தாலும் அடித்தளம் அழியவில்லை. அந்த அடித்தளத்தைக் காண உத்திரமேரூருக்குப் போகலாம். பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும் பொறித்த இரண்டு கல்வெட்டுகள் அங்கே உள்ளன. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, குடவோலை முறையில் உறுப்பினரைத் தெரிந்து, ஆட்டை வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் என்று பணிகளைப் பகுத்துக் கொடுத்த செய்தியை அவை கூறுகின்றன. ஏரி வாரியத்துக்கு அறுவர். கணக்குக் காட்டாதவன் மறுமுறை வர முடியாது. அவன் உறவினனும் வர முடியாது. அது அந்தணர் ஊர். நிலமும் மனையும் கல்வியும் உடையார்க்கே அந்த உரிமை இருந்தது. இன்று நாம் மக்களாட்சி என்று சொல்வதோடு அதை ஒன்றாக்கிப் பேசுவது மிகை. ஆயினும் கணக்குக் காட்டாதவன் கைக்குப் பொதுப்பணம் போகக் கூடாது என்பதைக் கல்லிலே வெட்டிவைத்தார்களே, அதை நாம் போற்ற வேண்டும்.

இராசராசன் நாடு முழுவதையும் அளந்தான். முதலாம் குலோத்துங்கன் 1086இல் மீண்டும் அளந்தான். அளந்தவன் வாங்கத்தானே செய்வான் என்பீர்கள். ஆனால் அவனே சுங்கத்தையும் நீக்கினான். அதனால் சுங்கம் தவிர்த்த சோழன் என்று பெயர் பெற்றான். ஒரு மன்னனுக்கு வென்ற நாட்டால் பெயர் வருவது வழக்கம். விட்டுக்கொடுத்த வரியால் பெயர் வந்தது என்றால், அவன் வாயில் மணி ஒலித்துக்கொண்டிருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

அவன் காலத்திலேயே, 1070 அளவில், ஈழத்தை விசயபாகு மீட்டுக்கொண்டான். 1116 அளவில் போசள விட்டுணுவர்த்தனன் தலைக்காட்டைக் கைப்பற்றினான். வேங்கியும் கைவிட்டுப் போயிற்று. இவற்றை வீழ்ச்சியின் தொடக்கமாகச் சிலர் சொல்வார்கள். அடியேன் அப்படிக் கருதவில்லை. வெளிக் கிளைகள் உதிர்ந்தன. வேர் ஆழமாகவே இருந்தது. சேக்கிழார் பாடியதும் அதற்குப் பின்னர்தானே!

இடையே நின்றவர்கள்

அரசு பெரிதாகப் பெரிதாக, மன்னன் ஒருவனே எல்லாவற்றையும் காக்க இயலாது. எனவே ஆங்காங்கே காவல் உரிமையைக் குறுநிலத் தலைவர்களிடம் ஒப்படைத்தான். ஊர்களின் பாடிகாவல் அவர்களுடையதாயிற்று. காவற்கூலி என்று மக்கள் கொடுத்தது அவர்கள் களஞ்சியத்துக்குப் போயிற்று. சம்புவரையர், காடவராயர், மலையமான்கள், வாணர், வடக்கே தெலுங்குச் சோடர் என்று இவர்கள் நாடெங்கும் வேரூன்றினர். மன்னன் பெயரையே தங்கள் பெயருக்கு முன்னே சூட்டிக்கொண்டார்கள். கல்வெட்டிலே மன்னனின் ஆட்சியாண்டையும் தவறாமல் பொறித்தார்கள். பணிவுக்குக் குறைவில்லை. ஆனால் உழவனுடைய குறை மன்னனிடம் போகவேண்டுமானால் இவர்களைக் கடந்து போக வேண்டும். மணிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இவர்கள் நின்றார்கள்.

இரண்டாம் இராசராசன் இறந்த காலத்தில் நடந்ததைப் பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டு உருக்கமாகச் சொல்கிறது. மன்னனின் பிள்ளைகளுக்கு வயது ஒன்றும் இரண்டும். திருச்சிற்றம்பலமுடையான் பெருமானம்பிப் பல்லவராயர் என்னும் அமைச்சர், அக்குழந்தைகளைப் பாதுகாவலான இடத்துக்குக் கொண்டுசென்று, விக்கிரம சோழனின் பேரன் ஒருவனுக்கு இரண்டாம் இராசாதிராசன் என்று முடிசூட்டி, நாட்டில் கலகம் நேராமல் காத்தார். எவ்வளவு பெரிய தொண்டு! ஆனால் சற்று எண்ணிப் பாருங்கள். அரசு ஓர் அமைச்சரின் நல்ல மனத்தைத் தொங்கிக்கொண்டு நின்றிருக்கிறது. அவர் நல்லவராய் இருந்தது நாட்டின் நற்பேறு. அடுத்தவர் அப்படி இருப்பார் என்பதற்கு யார் பிணை?

அதே காலத்தில் பாண்டிய நாட்டில் உரிமைப் போர் மூண்டது. ஒருவனுக்கு ஈழத்துப் பராக்கிரமபாகுவின் படை துணைக்கு வந்தது. மற்றவனுக்குச் சோழர் படை சென்றது. ஈழப் படை முன்னேறி வந்தபோது தொண்டை மண்டலமே நடுங்கியது. காஞ்சிக்கு அருகேயுள்ள ஆர்ப்பாக்கத்துக் கல்வெட்டு ஒரு செய்தியைச் சொல்கிறது. எதிரிலி சோழச் சம்புவரையர் என்னும் தலைவர், கௌட நாட்டிலிருந்து வந்த உமாபதிதேவர் என்னும் சிவாசாரியரை அடைந்து, பகைவர் நீங்க வழிபாடு செய்யுமாறு வேண்டினார். அவர் 28 நாள் பூசை இயற்றினார். ஈழப் படை பின்வாங்கியது. சம்புவரையர் ஆர்ப்பாக்கம் ஊரையே அவருக்குக் காணிக்கையாக்கினார்.

இதைக் கேட்டு நமக்கு மெய் சிலிர்க்கிறது. சிலிர்க்கட்டும். ஆனால் அதிலே மறைந்திருக்கும் மற்றொன்றையும் காணுங்கள். நாட்டைக் காக்க வேண்டினவர் யார்? சம்புவரையர். நன்றிக் கடனாக ஊரைக் கொடுத்தவர் யார்? சம்புவரையர். அந்தக் கல்வெட்டில் சோழ மன்னனின் ஆட்சியாண்டு இருக்கிறது. அவன் கை இல்லை. வட தமிழகத்துத் தலைவர்கள் தங்களுக்குள் இன்னாரோடு சேர்வோம், இன்னாரை எதிர்ப்போம், ஒருவருக்கொருவர் தீங்கு செய்யோம் என்று உடன்படிக்கை செய்து கல்லில் வெட்டிக்கொண்டதும் இதற்குச் சற்றுப் பிந்தித்தான். தலைக்குமேல் ஓர் அரசு உண்டு என்று நம்புகிறவர்கள் அப்படி எழுதிக்கொள்வார்களா?

இரண்டு கல்வெட்டுகள்

மூன்றாம் குலோத்துங்கன் 1178இல் முழு உரிமை பெற்றான். அவன் கோழையல்லன், பெருவீரன். பாண்டிய நாட்டின்மீது மூன்று முறை படையெடுத்தான். மதுரையும் பாண்டியன் முடித்தலையும் கொண்டவன் என்று தன்னைச் சொல்லிக்கொண்டான். திருபுவனத்தில் கம்பகரேசுவரர் திருக்கோயிலை எடுத்த சிவபத்தன். 1205 அளவில் நடந்த மூன்றாம் படையெடுப்பில், மதுரையில் பாண்டியர்கள் முடிசூடும் மண்டபத்தையே இடித்தான். அவன் மெய்க்கீர்த்தியைப் படித்தால் சோழர் புகழ் உச்சியில் இருந்தது என்றே தோன்றும்.

இனி மற்றொரு கல்வெட்டு. அது அதே மன்னனின் 23ஆம் ஆட்சியாண்டு, அதாவது 1201. ஊர் திருப்பாம்புரம், இன்றைய திருவாரூர் மாவட்டத்தில் உள்ள பாடல் பெற்ற தலம். அன்பர்களே, மனுநீதிச் சோழனின் மணி ஒலித்த வட்டாரம் அது!

பஞ்சம் வந்தது. ஒரு காசுக்கு மூன்று நாழி நெல் விற்றது. ஒரு வேளாளர், அவருக்கு இரண்டு பெண் மக்கள். பசியால் மடிவதற்கு அஞ்சி, தம்மையும் தம் மக்களையும் கோயிலுக்கு 110 காசுக்கு அடிமையாக விற்றுக்கொண்டார். அதைக் கல்லில் வெட்டிவைத்தார்கள்.

எட்டு நாழி கொண்டது ஒரு குறுணி. பன்னிரண்டு குறுணி ஒரு கலம். 110 காசுக்கு அந்த விலையில் நெல் வாங்கினால் 330 நாழி. மூன்றரைக் கலத்துக்கும் குறைவு. மூன்று உயிர்களின் விலை மூன்றரைக் கலம் நெல்! நெல்லை விளைவித்த கை அது. சோழ வளநாடு சோறுடைத்து என்று பெயர் பெற்ற மண்ணிலே, உழுது பயிரிடும் குடியிலே பிறந்தவருக்கு இந்த நிலை.

கோயில் அவர்களுக்குச் சோறிட்டது என்று நாம் ஆறுதல் கொள்ளலாம். சோறிட்டது உண்மை, உயிர் பிழைத்தார்கள். ஆனால் அடிமை ஓலை எழுதிக்கொண்டு சோறிட்டது என்பதையும் சைவராகிய நாம் மறைக்காமல் சொல்ல வேண்டும். சங்கமத்துக்கும் பசித்தவர்க்கும் அன்னமிடுவதையே சிவபூசையாகக் கொண்ட இளையான்குடிமாறர் முளைவித்த நெல்லை நள்ளிரவிலே வாரிவந்து அமுதாக்கியபோது, ஓலை எழுதி வாங்கினாரா? நம்முடைய குறை நம் சுவரிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அதைப் படிக்க அஞ்சுவது அன்பு ஆகாது.

பஞ்சம் 1201இல். மதுரைமீது கடைசிப் படையெடுப்பு 1205 அளவில். இடையே நான்கு ஆண்டுகள்தாம். மதுரைக்குப் படை நடத்தப் பொருள் இருந்தது, யானை இருந்தது, குதிரை இருந்தது. திருப்பாம்புரத்துக்கு நெல் அனுப்ப வழி இல்லை. அந்தத் தந்தை அடிக்க ஒரு மணி இல்லை. இருந்தாலும் அதன் ஓசை கேட்கும் தொலைவில் மன்னன் இல்லை. அவன் செவியில் மெய்க்கீர்த்தி ஒலித்துக்கொண்டிருந்தது. சோழப் பேரரசு 1279இல் முடிந்தது என்று வரலாறு எழுதுவார்கள். அதன் உயிர் அந்தக் கல்வெட்டிலேயே பிரிந்துவிட்டது என்று அடியேன் சொல்வேன்.

துணைக்கு வந்தவர்கள்

பிறகு நடந்தவை விரைவாக நடந்தன. இடிக்கப்பட்ட மண்டபத்தைப் பாண்டியர் மறக்கவில்லை. 1216இல் பட்டமெய்திய மாறவர்மன் சுந்தர பாண்டியன் சோழ நாட்டின்மேல் பாய்ந்தான். தஞ்சையும் உறந்தையும் எரிந்தன. மாடமும் கூடமும் மண்ணாயின. கடியலூர் உருத்திரங்கண்ணனாருக்குக் கரிகாலன் பட்டினப்பாலைப் பரிசாக அளித்த பதினாறு கால் மண்டபம் ஒன்றை மட்டும் பாண்டியன் இடிக்காமல் விட்டான் என்று திருவெள்ளறைக் கல்வெட்டுப் பாட்டு ஒன்று கூறுகிறது. அரசர் தமக்கென எடுத்தவை அழிந்தன. புலவனுக்குக் கொடுத்தது நின்றது. ஆயிரத்தளியில் வீராபிடேகம் செய்துகொண்ட பாண்டியன், பின்னர் முடியைச் சோழனுக்கே திருப்பிக் கொடுத்தான். சோணாடு வழங்கியவன் என்று தன்னைப் பாடிக்கொண்டான்.

முடியைத் திருப்பிக் கொடுத்ததற்குப் போசளர் இடையே புகுந்தது ஒரு காரணம். அந்த உதவிக்கு விலை இல்லாமலா இருக்கும்?

மூன்றாம் இராசராசன் காலத்தில் அந்த விலை தெரிந்தது. 1231இல் பாண்டியனிடம் தோற்று வடக்கே சென்ற அம்மன்னனைக் காடவர்கோன் கோப்பெருஞ்சிங்கன் தெள்ளாற்றில் மடக்கி, சேந்தமங்கலத்தில் சிறைவைத்தான். சோழனுக்குத் திறை செலுத்த வேண்டியவன் சோழனையே சிறைவைத்தான்! போசள நரசிம்மனின் தண்டநாயகர்களான அப்பண்ணனும் சமுத்திர கோப்பையனும் ஊர் ஊராக அழித்துக்கொண்டு வந்து மன்னனை மீட்ட கதையைத் திருவயிந்திரபுரத்துக் கல்வெட்டில் படிக்கலாம். நரசிம்மன் சோழ மண்டலத்தை நிலைநிறுத்திய ஆசாரியன் என்று பட்டம் சூட்டிக்கொண்டான். போசளர் பின்பு திரும்பிப் போகவில்லை. சமயபுரத்துக்கு அருகே கண்ணனூரில் தங்கள் இருப்பை அமைத்துக்கொண்டார்கள். அடுத்த மன்னன் மூன்றாம் இராசேந்திரன் சற்று நிமிர முயன்றபோது, அதே போசளர் பாண்டியன் பக்கம் சாய்ந்து அவனை எதிர்த்தார்கள்.

உரோமப் பேரரசின் முடிவும் இப்படித்தான் இருந்தது. தன் எல்லையைத் தன் மக்களே காத்த நிலை மாறி, கூலிக்கு வந்த தலைவர்களிடம் காவலை விட்டது. 410இல் உரோமாபுரியைக் கொள்ளையிட்ட அலாரிக்கு, முன்னர் உரோமர் படையிலேயே தலைமை தாங்கியவன். 476இல் கடைசி மன்னனை அரியணையினின்று இறக்கிய ஒடவாக்கரும் அவர்களிடம் ஊதியம் பெற்ற படைஞர்க்குத் தலைவனே. தன் கை தளர்ந்தவனுக்குப் பிறர் கை ஊன்றுகோலாக வரும். சில நாளில் அதுவே கழுத்தைப் பிடிக்கும். கடல்கள் பல கடந்தும் விதி ஒன்றுதான்.

இந்த இடத்தில் சைவ அன்பர்கள் மனத்தில் ஒரு நெருடல் எழ வேண்டும். சிறைப்பட்ட சோழன் சிவபத்தன். சிறைவைத்த கோப்பெருஞ்சிங்கனும் தில்லையிலே கோபுரத் திருப்பணி செய்த சிவபத்தன். தஞ்சையை எரித்த சுந்தர பாண்டியனும் தில்லைக்குச் சென்று ஆடவல்லானைத் தொழுதவன். மூவரும் ஒரே திருநீறு அணிந்தவர்கள். அப்படியானால் ஆண்டவன் யார் பக்கம்? அவன் திருமுன் யார் வந்து நின்றாலும் திருநீறு கிடைக்கும். ஆனால் குடிகளைக் கைவிட்டவனுக்கு, கோயில் எடுத்த காரணத்தால் அரியணையைக் காத்துக்கொடுப்பான் என்று நம் ஆசாரியர் எவரும் சொல்லவில்லை. திருப்பணி அறத்துக்கு ஈடு ஆகாது. கழுவாய் போதும் என்ற அமைச்சரை மனுநீதிச் சோழன் மறுத்தது இதனால்தான்.

1251இல் பட்டம் பெற்ற சடையவர்மன் சுந்தர பாண்டியன் கண்ணனூரையும் சேந்தமங்கலத்தையும் காஞ்சியையும் வென்று நெல்லூர் வரை சென்றான். மூன்றாம் இராசேந்திரன் பெயர் கடைசியாகக் காணப்படுவது 1279இல். அதன் பிறகு சோழர் கல்வெட்டு இல்லை. வென்ற பாண்டியர்க்கும் நெடுநாள் இல்லை. 1310இல் மாறவர்மன் குலசேகரனை மகனே கொன்றான் என்பர். உடன்பிறந்தார் இருவர் முடிக்குப் போரிட்டனர். 1311இல் மாலிக்கபூரின் படை மதுரைக்குள் நுழைந்தது. சோழர் மறைந்து 32 ஆண்டுகள்தாம். அண்டை வீட்டின் இடிபாட்டைக் கண்டு மகிழ்ந்தவர், தம் வீட்டுச் சுவரைப் பார்க்கவில்லை.

எஞ்சி நின்றது எது?

கங்கைகொண்ட சோழபுரத்துக்குச் சென்றவர்கள் அறிவார்கள். கோயிலுக்கு அருகே மாளிகைமேடு என்று ஓர் இடம். இராசேந்திரனின் அரண்மனை அங்கே இருந்தது. அகழ்ந்து பார்த்தபோது செங்கற் சுவரின் அடித்தளமும் கூரை ஓடுகளும் கிடைத்தன. தமக்குச் செங்கல்லால் கட்டிக்கொண்டார்கள். இறைவனுக்குக் கருங்கல்லால் கட்டினார்கள். அதனால் கோயில் நிற்கிறது என்பார்கள். பாதி உண்மை. கல் தானே நிற்காது. 1836இல் கொள்ளிடத்துக் கீழணை கட்டியபோது அக்கோயிலின் திருமதிற் கற்களையே பெயர்த்துக் கொண்டுபோனார்கள். காக்க ஆள் இல்லாவிட்டால் கருங்கல்லும் போய்விடும்.

அப்படியானால் மாடம்பாக்கத்து விளக்கு ஏன் அணையவில்லை? சோழன் போனான், பாண்டியன் போனான், சம்புவரையன் போனான், விசயநகரத்தார் போனார், நவாபு போனார், கும்பினியார் போனார். ஒவ்வொரு மாலையும் யாரோ ஒரு கிழவி ஒரு கை எண்ணெய் கொண்டுவந்தாள். யாரோ ஒருவர் திரி திரித்தார். அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. மன்னன் தன் கடமையை இடையிலிருந்தவரிடம் விட்டான், அரசு அழிந்தது. ஊரார் தம் கடமையை எவரிடமும் விடவில்லை, கோயில் நிலைத்தது.

நம் ஊர் மணி

இதைச் சொல்லிவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தால் அடியேன் கடமை முடியாது. சிட்லபாக்கத்துக்கு ஏரி உண்டு. அது தனி ஏரி அன்று. ஒரு தொடரின் கண்ணி. நம் ஏரி நிரம்பினால் செம்பாக்கம் ஏரிக்குத் தண்ணீர் போகும்; அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை என்று ஏரி ஏரியாக இறங்கிப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சேரும். மேல் ஏரியின் கால்வாயை ஒருவன் அடைத்தால் கீழ் ஏரிக் கரையில் இருப்பவன் வீட்டுக்குள் தண்ணீர் வரும். முன்னோர் நீரை இப்படிப் பிணைத்து வைத்தார்கள். ஊரையும் ஊரையும் அதனாலேயே பிணைத்தார்கள்.

நாம் என்ன செய்தோம்? ஏரியிலே குப்பை கொட்டினோம், கழிவுநீர் விட்டோம், கரையைச் சுருக்கினோம். 2015 திசம்பர் மழையில் இந்தப் புறநகர் முழுவதும் மிதந்ததே, நினைவிருக்கிறதா? படகிலே மக்களை மீட்டார்களே! வாயில்லா ஏரி மணியடித்த ஓசை அது. கேட்டவர்கள் சிலர் இருந்தார்கள். 2019 கோடையில், குடிநீருக்கு மாநகரமே தவித்தபோது, இவ்வூர் மக்கள் தாமே கூடி ஏரிக்குள் இறங்கித் தூர் அள்ளினார்கள். அவர்களுள் சிலர் இங்கே அமர்ந்திருக்கக் கூடும். உத்திரமேரூர் ஏரி வாரியத்தார் அறுவரின் மரபு நீங்கள்தாம். உங்களை வணங்குகிறேன். அதன் பிறகு அரசினரும் ஏரியைச் சீரமைக்க முன்வந்தார்கள்.

2021இல் நம் பேரூராட்சி தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்தது. ஊர் பெரிதாகிறது, நல்லதே. பெரிதாகும்போதுதான் நினைவு வேண்டும். வாயிலுக்கும் அரியணைக்கும் தொலைவு கூடும்போதெல்லாம் மணிக் கயிறும் நீள வேண்டும். யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்று நாம் சொல்லும் ஒவ்வொரு முறையும், நம் காவல் உரிமையை நாமே ஒரு சம்புவரையருக்கு எழுதிக் கொடுக்கிறோம். கால்வாயில் அடைப்பு இருந்தால் சொல்லுங்கள். பொதுப்பணத்துக்குக் கணக்குக் கேளுங்கள். திருவிழாக் கணக்கானாலும் கேளுங்கள். கேட்பது குறை காண்பது ஆகாது. ஊரைக் காப்பது ஆகும்.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்று இரவு வீட்டுக்குப் போனதும் பிள்ளைகளுக்குக் கதை சொல்லுங்கள். கடாரம் வென்ற கதை சொல்லுங்கள், அவர்கள் மகிழட்டும். அதோடு திருப்பாம்புரத்துத் தந்தையின் கதையையும் சொல்லுங்கள். இரண்டையும் சேர்த்துக் கேட்ட பிள்ளைதான் நாளை ஒரு நாற்காலியில் அமரும்போது, வாயிலில் நிற்பவன் யார் என்று எழுந்து வந்து பார்க்கும்.

எல்லார் வாயிலிலும் மணி ஒலிக்கட்டும். எல்லார் செவியும் திறந்திருக்கட்டும். ஏரி நிறைக, கழனி விளைக, அடியார் திருக்கூட்டம் ஓங்குக என்று ஆடவல்லான் திருவடியை வேண்டி அமைகிறேன்.

திருச்சிற்றம்பலம்.